ஐந்து ரூபாய்க் கதை

1947ஆம் ஆண்டுப் பிரிவினையைத் தலைவர்களின் பேச்சுவார்த்தைகளாகவே பாடநூல்கள் நமக்குக் கற்பித்தன. பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவலோ அதனை ஓர் ஐந்து ரூபாய்த் தாளிலிருந்து தொடங்கிற்று. அதனைக் கோவிந்த் நிஹலானி படமாக்க, 1988இல் தூர்தர்ஷன் தொடராக ஒளிபரப்பியது.

கால்நடை மருத்துவருக்குத் தேவையென்று பொய் சொல்லி, தோல் தொழிலாளியான ஏழை நத்துவைக் கொண்டு பன்றியொன்றைக் கொல்விக்கிறான் முராத் அலி. மறுநாள் அது பள்ளிவாசல் படியில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது.

அப்பெயரைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு சுருக்கென்றது உண்மையே. தொடரை நிறுத்தக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. அது முறையென்றே நாம் கருதுகிறோம். தடுத்திருந்தால் ராஜோவையும் அன்றோ இழந்திருப்போம்! வீடிழந்து, இரவெல்லாம் நடந்து வந்து கதவைத் தட்டிய சீக்கிய முதியவருக்கும் அவர் மனைவிக்கும் தன் வீட்டாரின் சினத்தையும் மீறிப் புகலிடம் தந்த முஸ்லிம் பெண் அவள். (அம்முதியவராக நடித்தவர், ராவல்பிண்டியில் பிறந்த சாஹ்னியேதான்.) பாடநூல் எதிலும் அவளுக்கு ஒரு வரியேனும் கிடைத்ததில்லை.

முராத் அலியோ நாவலின் இறுதியில் அமைதிக் குழுவின் பேருந்திலேறி ஒற்றுமை முழக்கமிடுகிறான். நத்து அப்போது உயிருடன் இல்லை.