ரிச்சி தெரு: பேரமும் பேசுங்க... பில்லும் கேளுங்க!

சென்னை மெட்ரோ ரயிலில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக நடந்தால் சில நிமிடங்களில் ரிச்சி தெரு. பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று சுற்றியிருக்கும் சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் மக்கள் சொல்லும் 'ரிச்சி ஸ்ட்ரீட்'. டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று இதைச் சொல்வார்கள். ரேடியோ உதிரிபாகங்களில் ஆரம்பித்து டி.வி., கம்ப்யூட்டர், செல்போன், சிசிடிவி கேமரா என்று காலத்துக்கேற்ப சரக்கை மாற்றிக்கொண்டே வந்த இடம்.

தெருமுனையில் கால் வைத்ததுமே குரல்கள் சூழ்ந்துகொள்ளும். "என்ன சார் வேணும்? லேப்டாப்பா, மொபைல் சர்வீஸா? வாங்கக்கா, சும்மா பார்த்துட்டுப் போங்க!"

இந்தக் குரல்களை எல்லாம் கண்டுகொள்ளாமல் நேராக நடந்துபோகிறார்களே, அவர்கள்தான் இந்தத் தெருவின் நிரந்தர வாடிக்கையாளர்கள். வெளியூர் டி.வி. மெக்கானிக்குகள், செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள், புராஜெக்ட் செய்யும் இன்ஜினீயரிங் மாணவர்கள். அவர்கள் போகும் உதிரிபாகக் கடைகளின் சுவர் முழுக்கக் குட்டிக் குட்டி டப்பாக்கள். துண்டுச்சீட்டில் எழுதிய நம்பரைப் பார்த்ததும் கடைக்காரரின் கை சரியான டப்பாவுக்குப் போய்விடும். "இந்த ஐ.சி. இப்ப வர்றதில்ல தம்பி. அதுக்குப் பதிலா இதைப் போடு, வேலை செய்யும்" என்று சொல்லித் தருவார். சில ரூபாய் வியாபாரத்துக்கு இவ்வளவு பொறுமையா என்று ஆச்சரியமாக இருக்கும். காரணம் எளிது. அந்தத் தம்பி அடுத்த வாரமும் வருவார்.

வருடத்துக்கு ஒருமுறைகூட வராதவர்களின் கதை வேறு. மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வேண்டும். 'ரிச்சி தெருவில் விலை குறைவு' என்று யாரோ சொல்ல, சேர்த்துவைத்த பணத்தோடு வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரும் அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். தெருமுனைக் குரல் முதலில் பிடிப்பது அவரைத்தான். கூப்பிட்டுப் போகிறவருக்குக் கடையில் கமிஷன் உண்டு. அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று சொல்லத் தேவையில்லை.

கடையில் நடப்பதும் பழகியவர்களுக்குப் பழைய கதைதான். கேட்ட மாடல் அங்கே இருக்காது. "குடோன்ல இருக்கு, ரெண்டு நிமிஷம் உட்காருங்க" என்பார்கள். பையன் ஓடுவது பெரும்பாலும் பக்கத்துக் கடைக்கு. இல்லாவிட்டால், "அந்த மாடல்ல கம்ப்ளைன்ட் ஜாஸ்தி சார், அதே விலையில இதைவிட நல்லது தர்றேன்" என்று லாபம் அதிகமுள்ள இன்னொன்றை நீட்டுவார்கள். பழைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிகள் கழித்துவிட்டதைத் துடைத்து, சரிசெய்து வைத்தது. அதில் தவறில்லை. நல்ல நிலையில் கிடைத்தால் மாணவர்களுக்கு லாபம்தான். ஆனால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது, கீபோர்டில் எல்லா எழுத்தும் விழுகிறதா, சார்ஜர் ஒரிஜினலா என்று கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் வரும் கேள்விதான் முக்கியமானது. "பில் போடணுமா சார்? பில்லுன்னா 18 பர்சன்ட் ஜி.எஸ்.டி. சேரும்." 30,000 ரூபாய் என்றால் 5,400 ரூபாய் கூடும். அந்தப் பணத்தில் ஹாஸ்டலுக்கு வேண்டிய பொருட்கள் வாங்கிவிடலாமே என்று அப்பாவின் மனசு கணக்குப் போடும். "ஆறு மாசம் நம்ம கடை வாரன்டி, கவலையே படாதீங்க" என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் எழுதித் தருவார்கள். மூன்றாம் மாதம் ஸ்க்ரீனில் கோடு விழுந்தால், அந்தக் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜி-பே ரசீது பணம் போனதற்குத்தான் சாட்சி. எந்தப் பொருளுக்குப் போனது என்பதற்கு அல்ல.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சீல் பிரிக்காத புதுப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யில் எல்லா வரிகளும் அடக்கம். 'வரி தனி' என்று அதற்கு மேல் வாங்கக் கூடாது. செல்போன் என்றால் *#06# அழுத்தி, திரையில் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட வேண்டும். பழைய போன் வாங்குகிறவர்கள், அது திருட்டுப் போனாக முடக்கப்பட்டதா என்று மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற போர்டைப் பார்த்துப் பலர் வாய் திறப்பதே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வேறு மாதிரி சொல்கிறது. பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிகம். பழுதான பொருளைப் பில்லில் குறித்த நாட்களுக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே ரகம்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வாங்கிய ஊருக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

மெக்கானிக்கிடம் கடைக்காரர் நேர்மையாக இருப்பது, அவர் நாளை திரும்பி வருவார் என்பதால். ஊருக்குத் திரும்பிவிடும் அப்பாவுக்கு அந்த மரியாதையை வாங்கித் தருவது பில்தான். அந்த 5,400 ரூபாய் வெறும் வரியல்ல, கேள்வி கேட்கும் உரிமைக்குக் கொடுக்கும் விலையும்கூட.

கேட்காமலேயே மெஷினை ஆன் செய்து காட்டி, குறையைச் சொல்லி, சீரியல் நம்பரோடு பில் போட்டுத் தரும் கடைகளும் இதே தெருவில் இருக்கின்றன. அப்படி ஒரு கடை அமைந்தால் அதன் விசிட்டிங் கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளையும் காலேஜுக்குப் போகுமே!