சுன்னாகத்துக் கோச்சிப் பாதை

சுன்னாகம் ஸ்டேசனில் இறங்கியபோது காலை ஏழு மணி தாண்டியிருந்தது. என்னோடு இறங்கியவர்கள் நாலைந்து பேர். மேடையில் ஒரு கடகமோ ஒரு வெங்காயச் சாக்கோ கண்ணில் படவில்லை.

இணுவில் பக்கமாகப் பாதையோரம் நடந்தேன். செம்மண் தோட்டங்கள், வாழை, மரவள்ளி, எங்கேயோ இறைக்கும் மெசினின் சத்தம். கொழும்பிலிருந்து நீண்டு நீண்டு வந்த பாதை இது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இந்தத் துண்டு அப்படி வந்ததல்ல. 1902இலேயே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் கோச்சி ஓடத் தொடங்கிவிட்டது. கொழும்போடு தொடுப்பு வந்தது 1905இல். அதன்பிறகு தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக்கடை போட்டுப் பிழைத்ததற்கு இந்தத் தண்டவாளமும் ஒரு காரணம்.

ஒரு தோட்டத்தில் வயதான ஐயா ஒருவர் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். கோச்சியைப் பற்றிக் கேட்டதும் கை நின்றது.

"கோச்சிச் சத்தம் கேட்டாத்தான் தம்பி அப்ப இறைப்பை நிப்பாட்டுவம். மணிக்கூடு ஆரிட்ட இருந்தது?"

1970களின் முற்பகுதியில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது இந்த மண்ணில் காசு விளைந்தது. கல்வீடுகள் எழும்பின. சாக்குகள் கோச்சியிலும் லொறியிலும் கொழும்புக்குப் போயின. 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட, தோட்டக்காரர் திணறினார்கள். அடுத்து யுத்தம். 1990 யூனில் கொழும்பிலிருந்து ஓடிய யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வருவது நின்றது.

பிறகு பாதையையே காணவில்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இரு தரப்பின் பங்கர்களுக்கும் போயின. பாதை கிடந்த மேட்டில் பற்றை மூடியது, சில இடங்களில் சனம் குடிசை போட்டது.

ஐயாவின் படலைக்குப் போனபோதுதான் கவனித்தேன். ஒரு பக்கத் தூண் வேம்பு. மறுபக்கம் தண்டவாளத் துண்டு, ஆளுயரம். துரு செதில் செதிலாகக் கழன்றிருந்தது. மேல்முனையில் ஆணி பூட்டும் துளைகள் இரண்டு. ஒன்றில் படலைக் கயிறு கட்டியிருந்தார்.

"திரும்பப் பாதை போட வந்தாங்கள் எல்லே, இதைக் கேப்பாங்களோ எண்டு பயந்துபோனன்." சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒருவரும் கேட்கவில்லை. இந்தியக் கடனில், இந்திய நிறுவனமான இர்கோன் போட்ட பாதைக்கு எல்லாமே புதிது. கட்டைக்குப் பதில் கொங்கிறீற். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. வெங்காயம் திரும்பி ஏறவில்லை. லொறி படலைக்கே வந்து ஏற்றுகிறது, ஏற்றியதைத் தம்புள்ளைச் சந்தையில் நேரே இறக்குகிறது. ஸ்டேசன் வரை சாக்குச் சுமந்து காத்திருக்க யாருக்கு மனம் வரும்? எனக்கும் வராது.

திரும்பும்போது கேற் பூட்டியிருந்தது. வெங்காயம் ஏற்றிய லொறியொன்று எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டு நின்றது. ரயில் கடந்தது. யன்னலோரப் பிள்ளையொன்று லொறிக்குக் கை காட்டிக்கொண்டு போனது.