உனக்கென்று ஒரு பதிகம்

சிதம்பரம்

அன்பு மகள் சிவகாமிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். ஆனித் திருமஞ்சனம் முடிந்து தேரெல்லாம் நிலைக்கு வந்துவிட்டது. வெளியூர்க் கூட்டம் குறைந்து இப்போதுதான் வீதியில் நடக்க முடிகிறது. மூட்டுவலி தேவலை என்று உன் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள், நம்பாதே. கடலூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன். தரையில் உட்காரவே கூடாது என்கிறார். இவள் அடுத்த நாளே அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்திருக்கிறேன். போனில் பேசும்போது நீயும் நன்றாக அதட்டு. நான் சொன்னால் அக்காவின் அதிகாரம் என்கிறாள்.

உன் கடிதம் வந்தது. ‘சாப்பிட்டீங்களா பெரியம்மா’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிற பெண், பக்கம் பக்கமாகக் கையால் எழுதியிருக்கிறாயே என்று பூரித்துப்போனேன். படித்தால் பாதிக்குமேல் மனத்தாங்கல். பக்கத்து வீட்டு அம்மா போகிற யூத ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து தங்கள் வேதமான தோராவைப் புதிதாக ஒரு சுருளில் எழுதுவிக்கிறார்களாம். கடைசிச் சில எழுத்துகளை ஆளுக்கொன்றாக அவர்களே நிரப்பப் போகிறார்களாம். விழாவுக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், எழுத மட்டும் உனக்கு இடமில்லை. ‘இத்தனை வருஷப் பழக்கத்துக்கு இவ்வளவுதானா பெரியம்மா, போகவே பிடிக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறாய்.

போ, கண்ணு. கட்டாயம் போ. அவர்கள் உன்னைத் தள்ளி வைக்கவில்லை. தோராவில் 613 கட்டளைகள் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அதில் கடைசியாக எண்ணப்படுவது, தோராவை ஒரு பிரதி எழுதிக்கொள் என்பது. இந்தக் கட்டளைகளின் கடமை யார் தலைமேல் இருக்கிறதோ அவர்கள் கையால் எழுதினால்தான் சுருள் செல்லும். உனக்கு அந்தக் கடமை இல்லை, அதனால் எழுத்தும் இல்லை. நம் சபையில் சிற்றம்பலத்தின் உள்ளே போய்ப் பூசை செய்ய முடியவில்லை என்று நீ எப்போதாவது கோபித்துக்கொண்டாயா? படியருகே நின்று கண் நிறையப் பார்த்துவிட்டுத்தானே வருவாய்.

நீ எழுதிய பிறகு இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே அங்கே வந்து நிற்கவேண்டும்போல் ஆகிவிட்டது. ஒரு தோராச் சுருளில் 3,04,805 எழுத்துகள். அத்தனையும் பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால், கறுப்பு மையால், ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதுகிறார். அவரை சோஃபேர் என்கிறார்கள். ஏறத்தாழ ஒரு வருஷ வேலை, அதற்கு மேலும் ஆகும். எவ்வளவு மனப்பாடம் இருந்தாலும் முன்னால் ஒரு பிரதியை வைத்துப் பார்த்துத்தான் எழுதவேண்டும். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிய பிறகே தோலில் இறக்கவேண்டும். மற்ற எழுத்து பிசகினால் சுரண்டித் திருத்தலாம், கடவுள் பெயரை எழுதிவிட்டால் அழிக்கவே கூடாது. ஓர் எழுத்து விட்டுப்போனாலும், உடைந்திருந்தாலும், சரிசெய்கிறவரை அந்தச் சுருளை எடுத்துச் சபையில் ஓதமாட்டார்கள். பழசாகிப் பயன்படாமல் போனால் குப்பையில் போடுவதில்லை, இறந்த மனிதரைப்போல மண்ணில் புதைக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட மரியாதை பார்!

இதற்கு ஆகிற செலவை ஒரு வீட்டால் தாங்கமுடியாது. அதனால்தான் ஊர்கூடிச் செய்கிறார்கள். எழுத்துக்கு இவ்வளவு, சொல்லுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக்கொண்டு, பேரக் குழந்தை பேரில் ஒன்று, போய்ச் சேர்ந்த தகப்பனார் பேரில் ஒன்று என்று கொடுக்கிறார்கள். கடைசி எழுத்துகளுக்கு வெளிக்கோட்டை மட்டும் போட்டு, நடுவை வெறுமையாக விட்டிருப்பார் சோஃபேர். பங்கு கொடுத்தவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மையை நிரப்புவார்கள். முடிந்ததும் பந்தல் பிடித்து, ஆடிப் பாடி, புதுச் சுருளை ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். ஆலயத்தில் ஏற்கெனவே இருக்கிற பழைய சுருள்களை வெளியே எடுத்துவந்து புதியதை எதிர்கொண்டு அழைப்பார்கள். நம் ஊரில் சுவாமி எழுந்தருளினால் அடுத்த கோயில் சுவாமி எல்லைவரை வந்து எதிர்சேவை கொடுக்கவில்லையா? இதை நீ பார்க்காமல் வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காரப் போகிறாயா?

போகும்போது முழங்கையும் முழங்காலும் மறைகிற உடையாகப் போட்டுக்கொள். பாப்பா ஓடிப்போய்த் தோலைத் தொட்டுவிடாமல் பிடித்துக்கொள், அவர்களே வெறுங்கையால் தொடுவதில்லை. பணம் வாங்கிக்கொள்வார்கள் என்றால் பாப்பா பேரில் கொஞ்சம் கொடு. சங்கடம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போயிருந்தேனே, அந்த 1568ஆம் வருஷத்து யூத ஆலயத்தின் சுருளுக்குத் தங்கக் கிரீடம் உண்டு. 1805இல் கொடுத்தவர் திருவாங்கூர் மகாராஜா. அவர் என்ன, எனக்கு எழுத இடம் கொடு என்று கேட்டாரா? பக்கத்து ஊர்க்காரனாக நின்று, மனமார ஒரு முடியைச் செய்து கொடுத்தார்.

அந்த மட்டாஞ்சேரியை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. கொச்சி யூதர்கள் சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுத்தோலில் எழுதி வைத்திருந்த பழைய சுருள் ஒன்றை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புக்கானன் என்ற பாதிரியார் கொண்டுபோனார். ஏறத்தாழ 48 அடி நீளம், இப்போது கேம்பிரிட்ஜ் நூலகத்தில் இருக்கிறது. போனது அதோடு நிற்கவில்லை. 1948க்குப் பிறகு மனிதர்களும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். தோராவைச் சபையில் எடுத்து ஓதப் பத்து ஆண்கள் கூடவேண்டும் என்பது அவர்கள் மரபு. அந்தப் பத்துப் பேர் உள்ளூரில் சேரமாட்டார்கள். கிரீடம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, ஒவ்வொன்றும் கையால் தீட்டிய சீனத்து நீல ஓடு தரையெல்லாம் இருக்கிறது. ஓத ஆளில்லை.

ஏடு பத்திரமாக இருந்தால் போதாது, சிவகாமி. இதை நம் ஊரைவிட நன்றாக அறிந்த ஊர் எது? மூவர் தேவாரம் தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த கதையை உனக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லியிருக்கிறேன். பாடியவர்கள் மூவரும் வந்தால்தான் திறப்போம் என்று கோயிலார் சொல்ல, சோழ ராஜா மூவர் திருமேனிகளையும் எழுந்தருளப் பண்ணிக் கதவைத் திறந்தால், உள்ளே புற்று. செல்லரித்தது போக மிஞ்சியதுதான் இன்று நாம் ஓதுகிற ஏறத்தாழ 800 பதிகம். தொகுத்துக் கொடுத்த நம்பியாண்டார் நம்பி நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர்க்காரர். இதுவரைதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. ஏடு கிடைத்துவிட்டது, பாட ஒருவருக்கும் பண் தெரியவில்லை. விருத்தாசலத்துப் பக்கம் இருக்கும் எருக்கத்தம்புலியூரில், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, அவளைப் பாடச்சொல்லி, அவள் வாய்வழியாகத்தான் பண் திரும்பி வந்தது என்கிறது புராணம். அந்தப் பெண் இல்லையென்றால் ராஜா திறந்த கதவால் என்ன பயன்? காட்டுமன்னார்கோயில் நாதமுனிகளும் அப்படித்தான். திவ்வியப் பிரபந்தம் நாலாயிரமும் கிடைத்ததோடு விட்டாரா? தம் மருமக்கள் இருவருக்கும் இசையோடு பாடச் சொல்லிக்கொடுத்து வைத்துவிட்டுத்தான் போனார்.

இன்னொன்றும் சொல்கிறேன், அதுவும் நம் மண்ணில் நடந்ததுதான். வள்ளலார் தம் பாடல்களை அச்சில் போட இசையவே இல்லை. சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வருகிறவரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். பசித்தவனைக் கண்டால் துடிக்கிறவரை வேறு எப்படி வழிக்குக் கொண்டுவர முடியும்? மனம் இளகி இசைந்தார். ஆனாலும் தம் பேரோடு சாமி என்று சேர்த்து வழங்குவது தமக்குச் சம்மதமில்லை என்று எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் முறைப்படுத்தித் தொகுத்தார், மயிலைச் சோமசுந்தரம் செட்டியார் அச்சுக் கூலியை ஏற்றார், 1867இல் திருவருட்பா வெளிவந்தது. அதே வருஷம் மே 23ஆம் தேதி வடலூரில் தருமசாலை அடுப்பு மூட்டினார்கள். அந்த இடமும் ஊரார் மனமுவந்து எழுதிக்கொடுத்த 80 காணி. அருட்பா பின்னால் என்ன பாடுபட்டது என்பதும் உனக்குத் தெரியும், மஞ்சக்குப்பம் கோர்ட்டுவரை சண்டை போனது. ஆறாம் திருமுறை அவர் சித்தியடைந்த பிறகு 1885இல்தான் அச்சேறியது. பணம் ஒருவர் கொடுத்தார், சரி. ஒருவர் பட்டினி கிடந்தார், ஒருவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஏட்டைப் பார்த்தார், சோற்று அடுப்புக்கு ஊரே நிலம் கொடுத்தது. இதில் எந்தக் கையை எடுத்துவிட முடியும்?

இதையெல்லாம் உன்னிடம் ஏன் நீட்டி முழக்குகிறேன் என்றால், உன் கடிதத்தைத் தேவார வகுப்பில் படித்துக் காட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, உன் மனத்தாங்கலை விட்டுவிட்டு மற்றதைத்தான் படித்தேன். கேட்டவர்களுக்கு ஒரே உற்சாகம். நாமும் எழுதினால் என்ன என்று ஆரம்பித்துவிட்டார்கள். மூவரும் நம் கடலூர் மாவட்டத்துக் கோயில்கள்மேல் பாடிய பதிகங்களை வீட்டுக்கு ஒன்றாகக் கையால் எழுதி, ஒரே புத்தகமாகக் கட்டி, வகுப்புப் பிள்ளைகள் பார்த்து ஓத வைப்பது என்று முடிவு. இதைக் கேள்விப்பட்டுக் கடைத்தெருவில் ஒரு பெரிய மனுஷர், எதற்கு இத்தனை சிரமம், மொத்தமும் நானே நல்ல தாளில் ஆயிரம் பிரதி அச்சடித்துத் தருகிறேன் என்றார். நல்ல மனசுதான். பாதிப் பேர் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அச்சுப் புத்தகம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அவர் தாளும் கட்டுக்கூலியும் கொடுக்கட்டும், கூடவே ஒரு பதிகமும் எழுதட்டும் என்றேன். கொஞ்சம் முகம் சுருங்கிற்று, பிறகு திருமாணிகுழியை எழுதித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். அவருடைய அம்மா பிறந்த ஊராம்.

இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறோம். எழுதினதை ஓதுவார் உரக்க வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் கட்டுவோம், பிழையிருந்தால் அந்தத் தாளை மறுபடி எழுதவேண்டும். எழுதுகிறவர் அந்தப் பதிகத்தைப் பண்ணோடு பாடவும் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவதை நான்தான் பிடிவாதமாக நின்று வாங்கினேன். சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

உன் அம்மா திருவதிகையை எடுத்துக்கொண்டாள். அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த இடம், என் மூட்டையும் பார்த்துக்கொள்ளும் என்கிறாள். மேசையில் உட்கார்ந்து எழுதுவதாகச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். திருவேட்களத்தை உன் சித்தி கேட்டுவிட்டாள். முதுகுன்றத்துக்கு நான், நீ என்று இரண்டு வீட்டுக்குள் போட்டி, அங்கே பதிகம் நிறைய இருப்பதால் சண்டை தீர்ந்தது. உனக்குத் திருப்பாதிரிப்புலியூரை வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய பிறகு அப்பர் கரையேறிப் பாடினது. பாட்டி வீட்டு லீவுக்கெல்லாம் அந்தக் கோயில் பிராகாரத்தில்தானே ஓடி விளையாடினாய்.

தாள் நான் அனுப்பவா, அங்கேயே வாங்கிக்கொள்வாயா என்று எழுது. கறுப்பு மை, இடப்பக்கம் கட்டுவதற்கு இரண்டு அங்குலம் விடவேண்டும். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். உன் றகரமும் ரகரமும் இந்தக் கடிதத்திலேயே தடுமாறுகிறது, பார்த்து எழுது. பாப்பாவுக்குத் தமிழ் எழுத்து வருகிறதா? ஒரு அடியாவது அவள் கையைப் பிடித்து எழுதவை, கோணலாக இருந்தாலும் ஓதுவாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் வா, வகுப்போடு சேர்த்துச் சொல்லித்தருகிறேன். மார்கழித் திருவாதிரைக்குள் கட்டிவிட வேண்டும் என்று இருக்கிறோம், அதனால் ஐப்பசிக்குள் எனக்கு வந்து சேரட்டும்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் சிதம்பரத்திலிருந்து பெரியம்மா வாழ்த்துச் சொன்னதாகச் சொல். அவர்கள் எந்த எழுத்தை எழுதினார்கள், யார் பேரில் எழுதினார்கள் என்று கேட்டு எழுது. மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். பாப்பாவுக்கு முத்தம்.

உன் அன்புப் பெரியம்மா