காரில்லாமல் மூன்று வாரம்: சென்னையைச் சுற்ற ஒரு திட்டம்

ஊரிலிருந்து மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வரும் அப்பா, அம்மாவுக்குச் சென்னை என்பது பெரும்பாலும் ஒரு பால்கனிதான். பிள்ளைகளுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்பினால் உண்டு. இல்லாவிட்டால் ‘அடுத்த வாரம் போகலாம்ப்பா’. மூன்று வாரம் தங்கியும் ஒரு கோயில், ஒரு ஜவுளிக்கடை பார்த்த திருப்தியோடு ரயிலேறுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் தங்குகிறவர்களுக்குக் கார் தேவையே இல்லை. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் பறக்கும் ரயில் 1997-ல் மயிலாப்பூரைத் தொட்டது. 2007-ல் வேளச்சேரி வரை நீண்டது. தி.நகர்க்காரர்களுக்கு மாம்பலம் ஸ்டேஷன். அங்கிருந்து தாம்பரம், செங்கல்பட்டுக்கு மின்சார ரயில். நடுவில் இருக்கும் தூரத்துக்கு டவுன் பஸ். ஒரு நாளைக்கு ஓர் இடம், மறுநாள் ஓய்வு. இதுதான் அடிப்படைக் கணக்கு.

எப்போது வரலாம்?

தை மாதம். அடைமழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கபாலீஸ்வரர் கோயில் குளத்தில் தைப்பூசத் தெப்பம், வேடந்தாங்கலில் பறவைகள், கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் என மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அமையும்.

முதல் வாரம்: பக்கத்திலேயே

மயிலாப்பூர் மாட வீதிகளைக் காலையில் நடந்தே பார்க்கலாம். இன்னொரு நாள் பஸ்ஸில் அடையாறு பிரம்மஞான சபை. அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயல் மழையில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மரங்களாகி இன்றும் நிழல் தருகின்றன. காலையிலும் பிற்பகலிலும் குறிப்பிட்ட நேரம் மட்டுமே அனுமதி என்பதால் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இரண்டாம் வாரம்: ரயில் தடம்

கிண்டி தேசியப் பூங்கா வெறும் 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் புள்ளிமானும் வெளிமானும் வாழும் காடு அது. பொதுமக்கள் போகக்கூடியது அதன் ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்காவும் பாம்புப் பூங்காவும். அடுத்து வண்டலூர். மாம்பலத்தில் ஏறினால் நேரே வண்டலூர் ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோவில் சிறு தூரம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பூங்காவுக்குள் பேட்டரி வண்டி உண்டு.

மூன்றாம் வாரம்: தூரத்துக்கு

வேடந்தாங்கலுக்குச் செங்கல்பட்டு வரை ரயில், அப்புறம் பஸ். பறவைகள் பயப்படக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத கிராமம் அது. பஸ் குறைவு. இறங்கியதுமே திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் திருவான்மியூரிலிருந்து பஸ். வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது.

ஆமை நடை மட்டும் வேறு ரகம். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு முழுக்க மணலில் பல கிலோமீட்டர் நடக்கிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களும் சேரலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல; பேரனையோ பேத்தியையோ அனுப்பலாம். நடை முடியும் அகாலத்தில் பஸ் இருக்காது என்பதால், வீடு திரும்ப ஆட்டோவுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

கிழமை முக்கியம்

பிரம்மஞான சபைக்கு ஞாயிறு விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள், கிண்டிக்கும் வண்டலூருக்கும் செவ்வாய். இதைப் பார்க்காமல் கிளம்பினால் பூட்டிய கேட்டைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும்.

செலவும் சிரமமும்

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ், மெட்ரோ, மின்சார ரயிலுக்கு ஒரே டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்திருக்கிறது. பிள்ளைகள் அதைப் பெற்றோரின் போனில் ஏற்றி, ஒருமுறை டிக்கெட் எடுத்துக் காட்டிவிட்டால் போதும்.

சிரமங்களும் உண்டு. பறக்கும் ரயில் நிலையங்களில் ஏறவேண்டிய உயரம் அதிகம். மெட்ரோ வேலையால் பஸ் நிறுத்தங்கள் இடம் மாறியிருக்கும். காலை, மாலை ஆபீஸ் நேரத்தில் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. பத்து மணிக்கு மேல் கிளம்பி நாலு மணிக்குள் திரும்பினால் பெரும்பாலும் உட்கார்ந்தே போகலாம். தி.நகரில் கொஞ்சம் நிம்மதி: மாம்பலம் ஸ்டேஷனையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேடை 2023-ல் திறக்கப்பட்டது. 570 மீட்டர் நீளம், லிஃப்ட் வசதியோடு. ரங்கநாதன் தெரு நெரிசலில் பை தூக்கி அலைய வேண்டாம்.

முதல் பயணத்துக்குத்தான் தயக்கம் இருக்கும். மூன்றாவது பயணத்தில் எந்தப் பக்கம் இறங்கவேண்டும் என்பது பழகிவிடும். மூன்றாவது ஞாயிறு, ‘எங்கேப்பா போகலாம்?’ என்று பிள்ளைகள் கார் சாவியோடு கேட்டால், வழி சொல்லப்போவது அப்பாவும் அம்மாவும்தான்.