மலைநாட்டுப் பயணம் – 7: பிரேசர் மலைத் தேரை

சுங்கை வேயில் தங்கியிருந்தபோது, மின்னணுத் தொழிற்சாலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், புதுக்கிராமத்துச் சீன உணவகமொன்றில் என்னை அமர்த்தி, மண்சட்டியில் கொதித்துவந்த தவளைக் கஞ்சியைக் காட்டி, “பயப்படாதீங்க ஐயா, காட்டுத் தவளையில்ல, பண்ணையில வளர்த்ததுதான்” என்றார். எனக்குப் பயமே அந்தப் பண்ணைத் தவளையிடந்தான். அமெரிக்கக் காளைத்தவளையாகிய அது, கைட்ரிட் என்னும் பூஞ்சையைத் தேகத்தில் சுமந்தும் பெரும்பாலும் தான் வாட்டமுறாமல், வியாபாரத்தின் தயவில் தேசம் தேசமாய்ச் சஞ்சரிக்கும் பிராணி. 1999-இல் விஞ்ஞானிகள் பெயரிட்ட அப்பூஞ்சையோ, தவளையின் தோலில் குடிபுகுந்து, அதன் உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இருதயத்தையே நிறுத்திவிடுவது. உலகெங்கும் 501 இனங்கள் அதனால் நலிந்தன, அவற்றுள் 90 அழிந்தே போயின என்று 2019-இல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் ரவாங், கோலகுபு பாரு வழியாகப் பிரேசர் மலை ஏறினோம். அம்மலையின் ஓடைத் தேரை ஒன்றுக்கு, 2008-இல் அதை விவரித்தவர்கள், மலேசியத் தவளைகளை ஆராய்ந்த ஜீத் சுகுமாரனின் நாமத்தைச் சூட்டியிருக்கிறார்கள். இலத்தீன் விகுதியோடு ஒட்டிக்கொண்ட அப்பெயரை உச்சரிக்கையில் எனக்குண்டான சந்தோஷத்தை மறைப்பானேன்? இக்குலத்துத் தலைப்பிரட்டைகள் பாய்ந்தோடும் நீரில் வாயாலேயே பாறையைப் பற்றிக்கொண்டு பிழைப்பவை. அதே தித்திவங்சா தொடரில், தெற்கேயுள்ள கெந்திங் மலையில் வாழ்வதோ 2016-இல் தனி இனமென்று விவரிக்கப்பட்ட வேறொரு தேரை. இடையிலுள்ள தாழ்ந்த பூமியைக் கடவாமல், சொந்தத்துக்குள்ளேயே பெண் கொண்டும் கொடுத்தும் வந்த குடும்பங்களைப்போல், ஒவ்வொன்றும் தன் மலைக்குள்ளேயே பெருகி வந்திருக்கிறது.

அவ்வாறு ஒதுங்கிய சிறு கூட்டங்களில் மரபணு வளம் குன்றுவது இயல்பு. குன்றியதன் விளைவு நோய் வரும்போது தெரியும். அரிசோனாவின் சிறுத்தைத் தவளைகளில், நோய்க்கிருமியை அடையாளங்காணும் மரபணுவைத் தாய்வழி ஒருவிதமும் தந்தைவழி வேறுவிதமுமாகப் பெற்றவையே இப்பூஞ்சைக்குத் தப்பி அதிகம் பிழைத்தன என்று அன்னா சாவேஜும் கெல்லி ஸமூடியோவும் 2011-இல் காட்டினர். அவ்விருவரும் மலேசிய அறிஞர்களும் சேர்ந்து, அதே ஆண்டில், தீபகற்ப மலேசியாவின் நான்கு தவளைக் குடும்பங்களில் இப்பூஞ்சை இருப்பதை முதன்முதலாகப் பதிவு செய்தனர். பூஞ்சையின் பூர்விகம் கிழக்காசியாவே என்று 2018-இல் வெளியான ஆய்வு கூறுவதால், இப்பக்கத்துத் தவளைகள் அதனோடு பழகியிருக்கலாம் என்று ஆறுதல் சொல்வாருண்டு. எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. வியாபாரத் தவளையோடு கப்பலேறி வரும் பூஞ்சை, பழகிய வகைதானென்று யார் உத்தரவாதம் தருவார்?

இம்மலைகளுக்குச் செல்லும் வாசகர்கள், பூஞ்சையைத் தாமே சுமந்து செல்லாதிருக்க, ஓர் ஓடையில் நனைந்த காலணியைச் சேறு போகக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே அடுத்த ஓடையில் இறங்க வேண்டுகிறேன். விலைக்கு வாங்கிய தவளையைப் புண்ணியமென்று எண்ணி எந்த நீர்நிலையிலும் விட்டுவிடவும் வேண்டாம்.