உடைந்த கணுக்காலோடு ஆர்லாண்டோவில்

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பூங்காக்கள். நான்கையும் காலால்தான் அளக்க வேண்டும். நல்ல கால் உள்ளவர்களே சாயங்காலம் ஆனதும் பாதையோரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு நான் வலது கணுக்காலில் எலும்பு முறிவோடு போனேன்.

அட்லாண்டாவில் மகள் வீட்டு வாசற்படியில் மழை ஈரம் வழுக்கிவிட்டது. கணுக்காலின் வெளிப்பக்கத்துச் சிற்றெலும்பில் விரிசல். அறுவை சிகிச்சை வேண்டியதில்லை, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கனத்த மருத்துவ பூட்ஸை மாட்டிக்கொண்டு வலி பொறுக்கிற அளவுக்கு ஊன்றலாம் என்றார் டாக்டர். பேரனின் கோடை விடுமுறைக்கென்று டிக்கெட்டும் ஹோட்டலும் எப்போதோ பதிவாகியிருந்தன. “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்” என்றேன். மாப்பிள்ளை கேட்கவில்லை. “அத்தை, அங்க எல்லா வசதியும் இருக்கு. நீங்க வர்றீங்க” என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பூங்கா வாசலிலேயே வாடகைக்குச் சக்கர நாற்காலியும் கிடைக்கிறது, பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர, நான்கு சக்கர ஸ்கூட்டரும் கிடைக்கிறது. முன்பதிவு கிடையாது. முதலில் வருகிறவருக்கு முதலில். காலை நெரிசலில் ஸ்கூட்டர்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வாசலில் எடுக்கும் ஸ்கூட்டரைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. ஆகவே அறையிலிருந்து பஸ் நிற்குமிடம், பஸ்ஸிலிருந்து வாசல் என்ற தூரமெல்லாம் கால் தலையில்தான் விழும். பலரும் இதனால் ஊருக்குள் இருக்கும் தனியார் கடைகளில் ஸ்கூட்டர் எடுத்து, தங்குமிடத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது மறுநாள்தான் கிடைப்பதாக இருந்தது. முதல் நாள் மேஜிக் கிங்டத்தில் சக்கர நாற்காலி.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கூடத்துக்குள் வந்தால் மாமியார் எழுந்து நிற்பாள். அந்த வழக்கத்தில் வளர்ந்த எனக்கு, அவர் என்னை உட்காரவைத்துப் பின்னால் நின்று தள்ளியது மிகவும் கூச்சமாக இருந்தது. கூச்சம் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. போகாமல் நின்றது வேறொன்று. தள்ளுகிறவர் திரும்பும் பக்கம்தான் நம் பார்வை. ஒரு பூச்செடி அருகே நிற்க ஆசைப்பட்டால் சொல்ல வேண்டும். சொல்வதற்குள் அது கடந்து போயிருக்கும். பக்கத்தில் நின்ற ஓர் அம்மையார், நல்ல மனசோடுதான், என் தலைக்கு மேலாக மாப்பிள்ளையிடம் கேட்டார்: “இவருக்குத் தண்ணீர் வேண்டுமா?” உட்கார்ந்த நிமிடத்திலேயே நான் ‘இவர்’ ஆகிவிட்டேன்.

வாசலிலிருந்து கோட்டையை நோக்கிப் போகும் மெயின் ஸ்ட்ரீட் லேசான ஏற்றம். நடப்பவர்களுக்கு அது தெரியாது. மாப்பிள்ளையின் மூச்சு வாங்குவதில் எனக்குத் தெரிந்தது. அந்த ஏற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பழைய டிஸ்னிலேண்டில், கௌபாய் வேடம் போட்ட ஊழியர் எதிர்கால உலகம் என்ற பகுதியின் வழியே நடந்து போவதை வால்ட் டிஸ்னி பார்த்து வருந்தினாராம். ஃபுளோரிடாவில் ஊழியர்கள் கண்ணில் படாமல் போய்வரத் தனிச் சுரங்கப் பாதைகள் வேண்டும் என்று திட்டமிட்டார்கள். ஆனால் இங்கே தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் வந்துவிடும். எனவே பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, எதிரே ஏரி வெட்டிய மண்ணை எடுத்து மூடினார்கள். 1971 அக்டோபரில் திறந்த இந்தப் பூங்காவில் நாம் நடப்பது உண்மையில் இரண்டாவது மாடி. வால்ட் 1966-லேயே இறந்துவிட்டதால் இதைப் பார்க்கவில்லை; அண்ணன் ராய் இருந்து திறந்துவைத்தார். அதே வீதியில் குதிரை டிராம் ஓடுவதற்காகத் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் சிக்கினால் ஆள் முன்னால் சாய்ந்துவிடுவார். குறுக்கே நேராகத்தான் கடக்க வேண்டும்.

மறுநாள் ஸ்கூட்டர் வந்தது. கைப்பிடிக்கு நடுவில் ஒரு திருகு; அதன் ஒரு முனையில் ஆமைப் படம், மறுமுனையில் முயல் படம். ஆமைப் பக்கம் திருப்பினால் மெதுவாக, முயல் பக்கம் திருப்பினால் வேகமாகப் போகும். “அம்மாச்சி, முயல்ல வை, முயல்ல வை!” என்று பேரன் குதித்தான். கூட்டத்தில் ஆமைதான். ஸ்கூட்டரில் இருப்பவரின் கண் மற்றவர்களின் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டே வருகிறவர்களுக்கு நாம் தெரிவதில்லை. வாண வேடிக்கை முடிந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாசலை நோக்கி நகரும்போது குழந்தைகள் சக்கரத்துக்கு முன்னால் ஓடிவிடுவார்கள். கூட்டம் வடியும்வரை ஓரமாக நின்றுவிட்டுக் கிளம்புவதே நல்லது.

பஸ்ஸில் சக்கரக்காரர்களைத்தான் முதலில் ஏற்றுகிறார்கள். டிரைவர் இறங்கி வருகிறார், வண்டியின் உடல் தாழ்கிறது, சாய்தளம் இறங்குகிறது, ஸ்கூட்டரைப் பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்டுகிறார். இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். வெயிலில் நிற்கும் மொத்த வரிசையும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். மோனோரயிலில் பெட்டிக்கும் மேடைக்கும் இடையில் ஊழியர் ஒரு பலகையைப் போடுகிறார். எனக்கு மிகவும் பிடித்தது, எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டூடியோஸையும் இணைக்கும் ஸ்கைலைனர் என்ற ரோப் கார். 2019-ல் வந்தது. அதன் பெட்டிகள் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், மக்கள் நடந்தபடி ஏறிக்கொள்வார்கள். சக்கரத்தில் வருகிறவர்களுக்கு என்று பக்கத்தில் தனி வளையம் வைத்திருக்கிறார்கள். அங்கே பெட்டி முழுவதாக நிற்கும். நம்மால் பின்வரிசையும் நிற்பதில்லை, நமக்காக யாரும் பெருமூச்சு விடுவதுமில்லை. அந்தப் பெட்டி கிளம்பியபோது எனக்கு அத்தனை நிம்மதி.

கால் அடிபட்டவர்களை வரிசையில் முந்தவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. வரிசைக்கு வெளியே காத்திருந்து திரும்பி வர ஒரு சலுகை உண்டு. ஆனால் 2024-ல் அதன் விதி இறுகி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகளால் நீண்ட வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கு என்றே ஆகிவிட்டது. நடக்க முடியாதவர்களுக்குப் பெரும்பாலான வரிசைகளே சக்கரம் போகும் அகலத்தில் இருக்கின்றன. எல்லோரோடும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான். படியோ குறுகலோ உள்ள பழைய இடங்களில் மட்டும், வரிசை நேரத்தைக் கணக்கிட்டுத் திரும்பி வரச் சொல்கிறார்கள். என்னளவில் இது சரி என்றே படுகிறது. எனக்கு வலித்தது கால். உட்கார்ந்து காத்திருக்க என்னால் முடியும். எல்லோரும் நுழையும் வாசலில் நானும் நுழைந்தேன் என்பது அரை மணி நேரச் சேமிப்பைவிடப் பெரிது. மேலுக்குத் தெரியாத நோயோடு வருகிறவர்களின் நிலை வேறு. அவர்களை இந்த விதி எங்கே நிறுத்துகிறது என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

ரைடுகளில் எதற்கு எழுந்து மாற வேண்டும், எதில் நாற்காலியோடு போகலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ ரைடில் நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றும் படகு தனியாக உண்டு. ஸ்கூட்டரை விட்டுச் சாதாரண நாற்காலிக்கு மாற வேண்டும், அந்தப் படகு வரும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டும். நேரெதிரே இருக்கும் ‘பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்’டில் நகரும் பட்டையின் மேல் நடந்துதான் ஏற முடியும், அதை நிறுத்த மாட்டார்கள். அதனால் அது எனக்கு இல்லை. பேரன் வெளியே வந்து லண்டன் நகரம் காலுக்குக் கீழே மின்னியதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினான். அனிமல் கிங்டத்தில் பாதைகளையே ஆப்பிரிக்க, ஆசிய மண்சாலை போல மேடுபள்ளமாக வார்த்திருக்கிறார்கள். கண்ணுக்கு அத்தனை அழகு, முறிந்த எலும்புக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரியும். சஃபாரி லாரி குலுக்கிய குலுக்கலில் கால் வீங்கி, முதலுதவி நிலையத்துக்குப் போனோம். அங்கே கட்டில் தந்து, காலை உயர்த்திவைத்து, ஐஸ் பை கொடுத்தார்கள். ஒவ்வொரு பூங்காவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பிற்பகல் இடிமழை ஃபுளோரிடாக் கோடையில் ஏறக்குறைய தினசரி வழக்கம். மழை பிடித்தால் நமக்கு முன்னால் ஸ்கூட்டரின் கைப்பிடிக்குப் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். அதிலுள்ள மின்சாதனம் நனைந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

இந்தச் சாய்தளங்களையெல்லாம் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததாக எண்ணிக்கொண்டு போகக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. 1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில் அறுபது பேர் அளவில் தங்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் கையால் ஊர்ந்து ஏறினார்கள். மூளை முடக்குவாதம் இருந்த எட்டு வயதுச் சிறுமி ஜெனிஃபர் கீலனும் அவர்களில் ஒருத்தி. அந்த ஆண்டு ஜூலை 26-ல் மாற்றுத் திறனாளிகளுக்கான சட்டம் கையெழுத்தானது. பஸ் தாழ்வதும் படகு காத்திருப்பதும் அந்தப் படிகளில் தேய்ந்த முழங்கைகளால் வந்தவை. சில வாரத்தில் பூட்ஸைக் கழற்றிவிடப் போகும் நான், வாழ்நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவர்கள் போராடி வாங்கிய பாதையில் போய்வந்தேன். அந்த நன்றி எனக்கு உண்டு.

எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள், ஒரு முழுச் சுற்று கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். பேரன் தூங்கிவிட்டான். மகளும் மாப்பிள்ளையும் மெக்சிகோ அரங்கின் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். “அம்மா, தனியாப் போயிடுவியா?” என்றாள். போனேன். நார்வே, சீனா, ஜெர்மனி. ஜப்பான் குளத்து மீன்களுக்கு முன்னால் எனக்கு வேண்டிய நேரம் நின்றேன். மொராக்கோவின் பதிகல் சுவரைக் கை நீட்டித் தொட்டேன். பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே உள்ள பாலத்தின் ஏற்றத்தில் மோட்டார் முனகியது, ஏறிவிட்டது. அந்தச் சுற்றில் யாரும் என் தலைக்கு மேலே பேசவில்லை. ஒரு கடைக்காரப் பெண் குனிந்து என் கண்ணைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டாள். எலுமிச்சை ஐஸ் வாங்கினேன்.

திருச்சியில் எங்கள் எதிர்வீட்டு அக்கா முட்டிவலிக்குப் பயந்து, மகன் பலமுறை கூப்பிட்டும் அமெரிக்கா போகாமல் இருக்கிறார். அட்லாண்டா திரும்பிய இரவே அவரைப் போனில் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பேசினோம். படகைக் கேட்டார், பஸ்ஸைக் கேட்டார், கழிப்பறை எவ்வளவு தூரத்துக்கு ஒன்று என்று கேட்டார். கடைசியில், “பையன்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?” என்றார்.

“ஹோட்டல் போட்டதும் ஸ்கூட்டருக்குச் சொல்லச் சொல்லுங்கக்கா. மத்ததெல்லாம் அப்புறம்.”