சார்ட்டில் செய்த தப்பு

போன அறிவியல் கண்காட்சியில் கருந்துளை என்று ஒரு சார்ட் வைத்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதில் பெரிய தப்பு இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நடுவில் கருப்பு வட்டம். சுற்றியுள்ள எல்லாவற்றையும் அது உறிஞ்சுவதாக நாலாபக்கமும் அம்புக்குறி. இயற்பியல் சார் பார்த்துவிட்டு, "சூரியன் இருக்கிற இடத்தில் அதே எடையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி என்ன ஆகும்?" என்றார். "உள்ளே போயிடும் சார்" என்றேன். "போகாது. இருட்டிவிடும், அவ்வளவுதான். இப்போது போலவே சுற்றும். ஏன் என்று யோசி" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எட்டாம் வகுப்புப் பசங்க சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

அந்த வாரம் எங்கள் நாற்றங்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நாகூர்ப் பக்கம் கடைமடை அல்லவா, காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டித்தான் நமக்கு வரவேண்டும். முறைத்தண்ணீர் விடும் இரவில் டார்ச் லைட்டோடு தாத்தாவுக்குத் துணையாகப் போனேன். மதகுக்கு முன்னால் ஒரு சுழி. சும்மா ஒரு பூவரசு இலையைப் போட்டேன். அது நேராக உள்ளே போகவில்லை. ஓரத்தில் மெதுவாகச் சுற்றி, நெருங்க நெருங்க வேகமாகி, கடைசியில்தான் மறைந்தது. "ஓடி வர்ற தண்ணிடா, எப்படி நேரா உள்ள போவும்?" என்றார் தாத்தா.

சார் கேட்டதற்குப் பதில் அதுதான்! பூமியும் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருப்பதால் விழாமல் சுற்றுகிறது. சார்ட்டுக்காகப் படித்ததெல்லாம் அப்போதுதான் புரிந்தது. சில இரட்டை விண்மீன்களில் ஒன்று கருந்துளை. துணை விண்மீனின் வாயு அதை நோக்கி இழுபடும்போது தட்டு போலச் சுற்றுகிறது. உள்வளையம் வேகம், வெளிவளையம் மெதுவு. இரண்டும் உரசி, உள்பகுதி சுமார் 1 கோடி டிகிரி வரை சூடாகி எக்ஸ் கதிர் வீசும். நாம் பார்ப்பது அதைத்தான், கருந்துளையை அல்ல.

எக்ஸ் கதிரைக் காற்றுமண்டலம் மறித்துவிடும். அதனால் இஸ்ரோ 28-9-2015 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட்டை 650 கி.மீ. உயரத்துக்கு அனுப்பியது. 2017 செப்டம்பரில் மேக்ஸி ஜெ1535-571 (பெயர் வாயில் நுழைகிறதா?) திடீரென்று பிரகாசித்தபோது ஆஸ்ட்ரோசாட் அந்தப் பக்கம் திரும்பியது. அந்த எக்ஸ் கதிர் நொடிக்குச் சுமார் 2, 3 தடவை துடிப்பது பதிவானது. உள்ளே வாயு எப்படிச் சுழல்கிறது என்பதை இந்த மாதிரித் துடிப்பை வைத்துத்தான் ஆராய்கிறார்கள்.

கரையில் உட்கார்ந்து இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். "திடீர்னு பிரகாசிக்குதா? அங்க எவன் மதகத் தொறக்கிறான்?" என்றார். கேள்வியைப் பாருங்கள்!

யாரும் திறப்பதில்லை. வருஷக்கணக்கில் வாயு அந்தத் தட்டில் தேங்கும். சேரச் சேரச் சூடேறும். ஓர் அளவைத் தாண்டியதும் மளமளவென்று உள்நோக்கிப் பாயும். சில வாரமோ மாதமோ வெளிச்சம், பிறகு அடங்கிவிடும். வி404 சிக்னி என்பது 1989-க்குப் பிறகு 26 வருஷம் அடங்கிக் கிடந்து 2015 ஜூனில் பிரகாசித்தது.

"சேர்ந்தா தானா தொறந்துக்குமா? நம்ம மதகும் அப்படி இருந்தா தேவலையே" என்று சொல்லிவிட்டு தாத்தா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். விடியக்காலை நாலு மணிக்குத்தான் எங்கள் நாற்றங்காலில் தண்ணீர் ஏறியது.

- பதினொன்றாம் வகுப்பு மாணவன்